டேங்கைப் பார்த்து வருஷம் சொல்லாதீர்கள்: பழைய மினிபைக்கின் மாடல் ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகிற எவரும் முதலில் கேட்பது, "என்ன மாடல்?" ஆர்.சி.யைப் புரட்டிப் பார்த்து "2012" என்பார் விற்கிறவர். கேட்டவரும் தலையாட்டிவிடுவார். பத்துப் பதினைந்து வயதான ஸ்ப்ளெண்டருக்கு அந்தப் பதில் போதும். ஐம்பது வயதைத் தாண்டி, கடல் கடந்து, ஏழெட்டுக் கை மாறி வந்த ஒரு மினிபைக்கைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வந்தால் சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

பழைய வண்டிப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை நிச்சயம் உண்டு. "இது 69." "அட போப்பா, டேங்கைப் பாரு, 71." பெரும்பாலும் இருவருமே தப்பாகச் சொல்வதில்லை. ஒருவர் ஒரு தேதியைச் சொல்கிறார், மற்றவர் இன்னொன்றைச் சொல்கிறார், அவ்வளவுதான். எதை வைத்து எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாகிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

விளக்குவதற்கு ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: ஹோண்டா இசட்50.

எந்த வண்டி இது?

மினிபைக் என்றால் சின்னச் சக்கரமும் சின்ன எஞ்சினும் உள்ள, முழு மோட்டார் சைக்கிளின் எல்லா உறுப்புகளும் குட்டியாக அமைந்த வண்டி. ஹோண்டாவின் முதல் மினிபைக் சாலைக்காகச் செய்யப்பட்டதே அல்ல. டோக்கியோ அருகே இருந்த டாமா டெக் என்ற கேளிக்கைப் பூங்காவில் பிள்ளைகள் ஓட்டுவதற்காக 1961-இல் செய்தார்கள். பெயர் இசட்100. சக்கரம் 5 அங்குலம். சஸ்பென்ஷன் என்று எதுவும் கிடையாது. அதில் ஏறி உட்கார்ந்த பெரியவர்களைப் பார்த்தவர்களுக்குக் குரங்கு நினைவு வந்ததோ என்னவோ, மங்கி என்ற பெயர் இந்த வரிசைக்கே ஒட்டிக்கொண்டது.

1967-இல் இசட்50எம் வந்தது. ஹேண்டில்பாரை மடக்கி, சீட்டை இறக்கி, கார் டிக்கியில் வைத்துக்கொண்டு போகலாம். அமெரிக்காவுக்கென்று 1968-இல் வந்தது இசட்50ஏ. அங்கே அதற்கு மினி டிரெயில் என்று பெயர். 8 அங்குலச் சக்கரம், 49 சிசி எஞ்சின், மூன்று கியர், கிளட்ச் லீவர் இல்லை, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். இந்த 'ஏ' வரிசை 1978 வரை விற்றது. 1979-இல் விளக்கெல்லாம் கழற்றி, பிளாஸ்டிக் மட்கார்ட் போட்டு, மண்பாதைக்கு மட்டும் என்று இசட்50ஆர் ஆக்கினார்கள். அது 1999 வரை ஓடியது.

முப்பது வருஷத்துக்கும் மேலாக ஏறக்குறைய அதே எஞ்சின், அதே உருவம். வருஷம் கண்டுபிடிப்பது ஏன் சிரமம் என்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

ஒரு வண்டிக்கு மூன்று தேதிகள்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஆகஸ்ட்டிலேயே அடுத்த வருஷம் அச்சுக்குப் போய்விடுகிறது. நம் கைக்கு அது டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும். விற்காமல் தேங்கியது மார்ச்சில் பாதி விலைக்குப் போகும். அச்சடித்த தேதி ஒன்று, விற்ற தேதி ஒன்று, அட்டையில் போட்ட ஆண்டு ஒன்று. மூன்றும் மூன்று.

வண்டியிலும் அப்படியே. தொழிற்சாலையில் செய்து முடித்த தேதி உற்பத்தித் தேதி. கடையில் விற்று அரசாங்கத்தில் பதிந்த தேதி பதிவுத் தேதி. "இது இந்த ஆண்டுக்கான வண்டி" என்று கம்பெனி தானே வைத்த பெயர் மாடல் ஆண்டு. அமெரிக்கச் சந்தையில் அடுத்த ஆண்டின் மாடல் முந்தின ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வருவது வழக்கம். ஆகவே 1971 நவம்பரில் செய்த வண்டி 1972 மாடலாக இருப்பதில் விசித்திரம் எதுவும் இல்லை. அது விற்காமல் கிடந்து 1973-இல் பதிவானால் பத்திரத்தில் 73 என்று ஏறிவிடவும் கூடும். பேரன் காலத்தில் அந்தப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பவர், "தாத்தா வண்டி 73 மாடல்" என்று சத்தியம் செய்வார்.

பிரபலமான ஓர் எடுத்துக்காட்டு: பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் வைத்திருந்த மங்கி. 2018-இல் இங்கிலாந்தில் ஏலத்தில் 57,500 பவுண்டுக்குப் போனது. அதன் பிரிட்டிஷ் நம்பர் பிளேட் 'எச்' என்ற எழுத்தில் முடியும். அங்கே அந்தக் காலத்தில் 1969 ஆகஸ்ட் முதல் 1970 ஜூலை வரை பதிவான வண்டிகளுக்கு அந்த எழுத்து. அதாவது பிளேட் சொல்வது பதிவான காலத்தை மட்டும். ஜப்பானில் அது எந்த மாதம் லைனை விட்டு இறங்கியது என்று பிளேட்டுக்குத் தெரியாது. (அந்த விலை வண்டிக்கா, அதில் உட்கார்ந்தவருக்கா என்பது வேறு விஷயம்.)

இதுவரை பார்த்தது: உற்பத்தித் தேதி, பதிவுத் தேதி, மாடல் ஆண்டு மூன்றும் தனித்தனி. யாராவது ஒரு வருஷத்தைச் சொன்னால், இதில் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

மாற்றம் எப்படி வருகிறது?

ஜனவரி முதல் தேதி வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவார்கள் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மாற்றங்கள் மூன்று வகையாக வருகின்றன.

முதலாவது மேல்பூச்சு. நிறம், டேங்க் ஸ்டிக்கர், சீட்டின் தையல். புது வருஷத்துக்குப் புதுசாக ஏதாவது வேண்டும் என்று டீலர் கேட்பார். இது அவருக்கான மாற்றம். வெளியிலிருந்து முதலில் கண்ணில் படுவது இதுதான். மாற்றி ஒட்ட ரொம்பச் சுலபமானதும் இதுதான்.

இரண்டாவது, அமைப்பையே மாற்றுவது. ஹோண்டா இதற்கு 'கே' எண் கொடுத்தது. முதலில் வந்தது கே0, அடுத்தது கே1 என்று போகும். இசட்50ஏ-வின் கே0-வில் விளக்கே கிடையாது. கே1-இல் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் வந்தன. 1972-இல் வந்த கே3-இல்தான் பின்சக்கரத்துக்கு முதன்முதலாக சஸ்பென்ஷன் கிடைத்தது. அதுவரை பின்சக்கரம் ஃபிரேமில் நேராகப் பூட்டப்பட்டிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்புதான் ஷாக் அப்சார்பர். கே3 முதல் பின்சக்கரம் மேலும் கீழும் ஆடுகிற ஒரு கையில் உட்கார்ந்தது. அந்தக் கைக்கு ஸ்விங் ஆர்ம் என்று பெயர். அதன் இருபக்கமும் இரண்டு ஷாக் அப்சார்பர்கள்.

'கே' எண்ணும் காலண்டர் ஆண்டும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு கே எண் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் விற்றிருக்கலாம்.

நாட்டுக்கு நாடு இது மாறவும் செய்யும். அமெரிக்க வண்டிக்கு 1972-இல் கிடைத்த பின் சஸ்பென்ஷன், ஜப்பான் வண்டிக்கு 1974-இல் இசட்50ஜே வந்தபோதுதான் கிடைத்தது. நீர்த்துளி வடிவ டேங்க் ஜப்பானில் 1978-இல் வந்தது. அமெரிக்க மினி டிரெயிலுக்கு அது வரவே இல்லை. அமெரிக்கப் பட்டியலை வைத்துக்கொண்டு ஜப்பானிலிருந்து இறங்கிய வண்டியைப் பார்த்தால் கணக்கு உதைக்கும். நம் பக்கத்து நாடுகளில் அகப்படும் மங்கிகளில் பல ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக வந்தவை. ஆகவே எந்த வருஷம் என்பதற்கு முன்னால் எந்தச் சந்தைக்குச் செய்த வண்டி என்று கேட்பதே சரி.

மூன்றாவது வகைதான் ஆட்களைக் குழப்புவது. மாடல் ஆண்டு நடுவில் சத்தமில்லாமல் செய்யும் திருத்தம் இது; நடுவழி மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிராக்கெட் அடிக்கடி விரிசல் விடுகிறது என்று புகார் வரும். பொறியாளர்கள் கொஞ்சம் தடிமனாக்குவார்கள். அன்றிலிருந்து வெளிவரும் வண்டிகளில் புதுப் பிராக்கெட் இருக்கும். விளம்பரத்தில் ஒரு வார்த்தை வராது. கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலில் மட்டும், இந்தச் சேசிஸ் எண் வரை பழையது, அதற்குமேல் புதியது என்று ஒரு வரி இருக்கும். ஒரே ஆண்டு, ஒரே நிறம், ஒரே கே எண் கொண்ட இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் ஒன்றுபோல் இல்லாமல் போவது இதனால்தான். இரண்டில் ஒன்று போலி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம்.

எது மாறும், எது மாறாது?

வருஷம் சொல்லும் கலை முழுவதும் ஒரு கேள்வியில் அடங்குகிறது: இந்தப் பாகத்தைக் கழற்றி வேறொன்று மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்டிக்கருக்கு ஐந்து நிமிஷம். டேங்குக்கும் சீட்டுக்கும் ஒரு ஸ்பேனர் போதும். சைலென்சர், ஹெட்லைட், மட்கார்ட் எல்லாம் ஒரு மத்தியான வேலை. போதாக்குறைக்கு இந்த வண்டிக்குப் புதிதாகச் செய்த நகல் பாகங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. டேங்கிலிருந்து ஆரம்பித்து ஃபிரேம் வரைக்கும் வாங்கலாம்.

எஞ்சின் பெரிய பாகமாயிற்றே, அதுவாவது உண்மை சொல்லாதா என்றால், இந்த வண்டியில் அதையும் நம்ப முடியாது. படுத்த நிலையில் இருக்கும் இந்தச் சிறிய எஞ்சின் ஹோண்டாவின் கப், சிடி70, இலங்கையில் பலரும் அறிந்த சாலி என்று ஒரு பெரிய குடும்பத்துக்கே பொது. இரண்டு போல்ட்டில் தொங்குகிறது. 49 சிசி-யை இறக்கிவிட்டு 70 சிசி எஞ்சினை ஏற்றுவது அன்றைக்கே பிள்ளைகள் செய்த வேலை.

மிஞ்சுவது ஃபிரேம். இரும்புக் குழாய்களை வெல்டு வைத்துச் செய்த எலும்புக்கூடு. அதை மாற்றினால் வண்டியையே மாற்றியது போலத்தான். ஸ்விங் ஆர்ம் பூட்டுவதற்கான இடம் ஃபிரேமிலேயே வெல்டாகி இருந்தால் அது பின் சஸ்பென்ஷன் வந்தபிறகு செய்தது. டேங்க் என்ன கதை சொன்னாலும் சரி.

1986-இல் அமெரிக்காவில் இசட்50ஆர்-க்கு ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. டேங்க், மட்கார்ட் என்று எங்கு பார்த்தாலும் குரோம். ஒரே ஆண்டில் சாதாரண வண்டியும் குரோம் வண்டியும் விற்றன. ஒரு குரோம் டேங்கை எங்கிருந்தோ பிடித்து வந்து சாதாரண வண்டியில் மாட்டிவிட்டு "சிறப்புப் பதிப்பு" என்று விலை சொல்ல அதிக மூளை தேவையில்லை.

சுருக்கமாக: கழற்றக் கடினமானதை முதலில் நம்புங்கள். ஃபிரேம், பிறகு எஞ்சின், அதன்பின் மற்றவை. நிறமும் ஸ்டிக்கரும் கடைசி வரிசை.

எண்களைப் படிப்பது

ஃபிரேமில் ஒரு எண் பஞ்ச் அடித்திருக்கும். நாம் சேசிஸ் நம்பர் என்போம். இசட்50-இல் அதை ஸ்டீயரிங் ஹெட்டில் தேடுங்கள். முன் ஃபோர்க் நுழைந்து திரும்புகிற கழுத்துக் குழாய்க்கு அந்தப் பெயர்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் பென்சில் பிரின்ட் எடுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்த வித்தை இங்கே நன்றாக உதவும். கழுத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை எண்ணின் மேல் இறுக்கிப் பிடித்து, பென்சில் முனையைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். எண் வெள்ளையாக எழும். எண்ணோடு சேர்ந்து வேறு சிலவும் எழும். எழுத்துகளின் உயரம் ஒன்றுபோல் இருக்கிறதா, ஒரு எண் மட்டும் சாய்ந்து நிற்கிறதா, எண்ணைச் சுற்றி கிரைண்டர் ஓடிய இணைகோடுகள் தெரிகின்றனவா? புதுப் பெயிண்ட்டின் பளபளப்பு கண்ணை ஏமாற்றிவிடும், பென்சில் ஏமாறாது. நேரில் போக முடியாவிட்டால் விற்பவரிடம் இந்தப் பிரின்ட்டின் படத்தைக் கேளுங்கள். தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான்.

இனி எண்ணின் பொருள். 1978 வரை விற்ற 'ஏ' வரிசை வண்டிகளில் 'இசட்50ஏ' என்ற மாடல் பெயரும், ஒரு கோடும், அதன்பின் தொடர் எண்ணும் இருக்கும். இந்த எண்ணுக்குள் வருஷம் ஒளிந்திருக்கவில்லை. முதல் இரண்டு இலக்கம் 68 என்றால் 1968 என்று சிலர் படிக்கிறார்கள். வெறும் தற்செயல். எந்த கே எண் எந்தத் தொடர் எண்ணில் ஆரம்பித்தது என்ற பட்டியலோடு ஒப்பிட்டால்தான் ஆண்டு தெரியும். அமெரிக்க ஹோண்டா தன் டீலர்களுக்காக வெளியிட்ட அடையாளக் கையேட்டில் அந்தத் தொடக்க எண்களும், ஒவ்வொரு மாடலின் நிறங்களும், முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதும் இருக்கின்றன. ஊகத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் போக வேண்டிய இடம் அது.

1981 மாடல் ஆண்டு முதல் அமெரிக்காவில் 17 எழுத்து கொண்ட அடையாள எண் முறை வந்தது. 80-களின் இசட்50ஆர்-களிலும் இதைத்தான் பார்ப்பீர்கள். இதில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு. 'பி' என்றால் 1981, 'சி' 1982, அப்படியே போய் 'ஜி' 1986, 'எச்' 1987. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால் 'ஐ', 'ஓ' போன்ற எழுத்துகளைத் தவிர்த்தார்கள். ஆகவே 'எச்'-க்கு அடுத்து 'ஜே', 1988. 1999-க்கு 'எக்ஸ்'. இதைப் படித்த கையோடு வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் போய்ப் பார்க்காதீர்கள். இந்தியாவில் செய்யும் வண்டிகளில் வருஷத்தையும் மாதத்தையும் எந்த இடத்தில் வைப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

எஞ்சினிலும் தனியாக ஒரு எண் உண்டு. எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ஒரிஜினல் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இந்தக் கால ஹோண்டாக்களில் அவை தொழிற்சாலையிலேயே வெவ்வேறாகத்தான் வந்தன. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தால் யாராவது பஞ்ச் செட் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொரு சாட்சி, அமெரிக்கச் சாலைக்கென்று செய்த வண்டிகளில் ஒட்டிய சான்றுப் பட்டை. அதில் உற்பத்தியான மாதமும் ஆண்டும் இருக்கும். அது பிழைத்திருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அது சொல்வது உற்பத்தித் தேதி, மாடல் ஆண்டு இல்லை என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பாக எண்ணின் குட்டி இலக்கணம்

ஹோண்டாவின் உதிரிபாக எண் ஐந்து, மூன்று, மூன்று என்று மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். 17500 என்றால் பெட்ரோல் டேங்க்; வேறு பல ஹோண்டாக்களிலும் அதே எண். நடுவில் உள்ள மூன்று, அந்தப் பாகம் எந்த மாடலுக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டும். 045 இசட்50ஏ, 098 சிடி70, 300 என்றால் பெரிய சிபி750. கடைசித் துண்டு திருத்தத்தையும் வகையையும் குறிக்கும்.

பழைய பாகம் ஒன்று இன்னும் கவர் பிரிக்காமல் கிடைத்தால் இந்த எண் ரொம்ப உதவும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய பாகம் தீர்ந்துபோனால் கம்பெனி அதற்குப் பதில் பிந்தைய திருத்தத்தை அனுப்பும். 1970-இல் வாங்கிய வண்டிக்கு 1976-இல் அதே டீலரிடம் ஒரிஜினல் பாகம் போட்டிருந்தாலும் அது 76-இன் உருவத்தில் வந்திருக்கக்கூடும். ஒழுங்காகக் கம்பெனி சர்வீஸ் விட்ட வண்டிகளே சில சமயம் அதிகக் குழப்பம் தருகின்றன.

ஒரு விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இப்படி ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "1970 மினி டிரெயில். எல்லாம் ஒரிஜினல். பத்திரம் உண்டு." படத்தில் பளபளவென்று ஒரு பழைய டேங்க். ஹெட்லைட் இருக்கிறது. பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு ஷாக் அப்சார்பர் எட்டிப் பார்க்கின்றன.

ஷாக் அப்சார்பரிலிருந்து ஆரம்பியுங்கள். அமெரிக்க வண்டி என்றால் இந்த ஃபிரேம் 1972 மாடலுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. விற்பவர் பொய் சொல்கிறாரா? அவசியமில்லை. எங்கோ ஒரு மூலையில் 70-இன் டேங்கும் பத்திரமும் இருந்திருக்கும், இன்னொரு மூலையில் 72-க்குப் பிந்தைய ஃபிரேம் இருந்திருக்கும். யாரோ ஒருவர் இரண்டையும் சேர்த்து ஓட வைத்திருப்பார். இவர் அதை அப்படியே வாங்கியவராக இருக்கலாம்.

அடுத்து சேசிஸ் எண்ணின் பென்சில் பிரின்ட்டைக் கேளுங்கள். அதைப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அது வருஷப் பிரச்சினையைத் தாண்டிப் போலீஸ் ஸ்டேஷன் பிரச்சினை ஆகிவிடும். ஒத்துப்போனால் தொடக்க எண் பட்டியலில் அந்த எண் எந்த கே-யில் விழுகிறது என்று பாருங்கள். 1972-க்குப் பிந்திய எண் என்று வந்தால், பத்திரத்தில் 70 என்று எழுதியவர் பிழையாக எழுதியிருக்கிறார். 1970-இன் எண் என்று வந்தால் கழுத்தை மறுபடி உற்றுப் பாருங்கள்: எண்ணும் இந்த ஃபிரேமும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல.

எண்ணெல்லாம் சுத்தமாக இருந்து, கலந்து கட்டிய வண்டி என்று மட்டும் தெரிந்தால் வாங்கலாமா? ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் விலையை ஃபிரேமின் ஆண்டுக்குப் பேசுங்கள், டேங்கின் ஆண்டுக்கு வேண்டாம். டேங்குக்குத் தனியாக ஒரு மதிப்பு உண்டு. முழுசாக ஒரு 1970 வண்டியைச் சீர்செய்துகொண்டிருக்கும் யாராவது அதைத் தேடிக்கொண்டிருப்பார். பின்னாளில் நீங்கள் விற்கும்போது "ஃபிரேம் 1972, டேங்க் அதற்கு முந்தியது, எஞ்சின் 70 சிசி மாற்றியது" என்று மூன்றையும் பிரித்து எழுதிவிடுங்கள்.